ஒப்பாரியில் வந்த அண்ணன் நீங்கள் இல்லை

கப்பலூரில் இருக்கும் அண்ணன் முத்திருளனுக்கும் மதினி தமிழ்வாணிக்கும், சமயநல்லூரிலிருந்து தங்கச்சி அன்னக்கொடி கும்பிட்டு எழுதுவது. இங்கே நான் நலமில்லை, அதனால்தான் இத்தனையும் நடந்தது. அங்கே நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. நீங்கள் என் நம்பரை பிளாக் போட்டுவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கடுதாசிக்கு பிளாக் கிடையாது என்பதால் எழுதுகிறேன்.

அண்ணே, என் வயிற்றில் கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் உசுருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். உங்க மாப்ளை இருந்திருந்தால் எப்படியாவது புரட்டியிருப்பார். அவர் போய்ச் சேர்ந்து அஞ்சு மாசமாகிறது, இன்னும் ரெண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறேன். அவர் வைத்தியத்துக்கே நீங்கள் வண்டியை விற்றீர்கள், மதினி தோட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். மறுபடி உங்கள் வாசலில் வந்து நிற்க மனசு வரவில்லை. அப்போதுதான் ஆர்த்திகா என்று ஒரு பிள்ளை வந்தது. கோயமுத்தூர்ப் பிள்ளை. ஆப்பரேஷனுக்கு வழியில்லாத பொம்பளைகளை வீடியோ எடுத்து செல்போனில் விடுவார்களாம், பார்க்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்களாம்.

போனைத் தூக்கிப் பிடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அக்கா, சிரிக்காதீங்கக்கா, யாரும் காசு போட மாட்டாங்க” என்றது. “போட்டோன்னா சிரிக்கணும்னு எங்க வீட்டுக்காரரு பழக்கி விட்டுட்டாரும்மா” என்றேன். “சரி, அவரையே நெனச்சுக்கங்க, அழுகை வந்தா அடக்காதீங்க” என்றது. நினைத்தேன். அவ்வளவுதான் அண்ணே. நமக்கெல்லாம் ராகமில்லாமல் அழ வருமா? முதலில் அவரைச் சொல்லி அழுதேன், அப்புறம் அப்பனை, ஆத்தாளை. அந்தத் தடத்தில் போனால் பொறந்த வீட்டு ஸ்டாப்பில் நின்றுதானே ஆக வேண்டும்? நின்றுவிட்டேன்.

கப்பலூரு ஓரத்துல கல்லுவீடு கட்டிவச்சான்
கதவடைச்சு நிக்கிறாளே கட்டிவந்த சீமாட்டி
தவிச்ச வாய்க்குத் தண்ணி கேட்டேன்
தவளை நீந்தும் தண்ணி தந்தா

என்று வந்துவிட்டது. நீங்கள் இருப்பது வாடகை ஓட்டுவீடு என்று எனக்குத் தெரியாதா? உங்க மாப்ளையைத் தூக்கின அன்றைக்கும் இப்படித்தானே பாடினேன், நீங்களும் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். மதினியும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவர்கள் அண்ணனைத் திட்டித்தானே அழுதார்கள்? அந்த அண்ணன் பந்தலிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் கோபித்தாரா?

அந்தப் பிள்ளைக்கு இது தெரியவில்லை. ‘சொந்த அண்ணனே கைவிட்ட அபலை’ என்று மேலே எழுதி விட்டுவிட்டது. லண்டனிலிருந்தெல்லாம் காசு போட்டு உங்களைத் திட்டியிருக்கிறார்கள். உங்கள் கம்பெனி கேன்டீனில் உங்களுக்கு வடை இல்லை என்று மாஸ்டர் சொல்லிவிட்டாராம். மதினியிடம் குழாயடியில், “தவளைய எங்கிட்டுப் புடிச்சீங்க?” என்று கேட்டார்களாம். கேள்விப்பட்டதும் ஆர்த்திகாவைக் கூப்பிட்டு, “அது எங்க அண்ணன் இல்லம்மா, ஒப்பாரியில வர்ற அண்ணன்” என்றேன்.

“ஒங்களுக்கு ரெண்டு அண்ணனாக்கா?”

“ஒருத்தருதான்.”

“அப்ப அவருதானே?”

வீடியோவை முதலில் செல்போனிலிருந்து நீக்கு, என் ஆப்பரேஷனைவிட எங்க அண்ணன் மானம் பெரிசு என்று சொல்லிவிட்டேன். அதுவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நீக்கிவிட்டது. இனி உங்களை ஒருத்தரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். மதினி காலில் விழுந்ததாக நினைத்து மன்னிக்கச் சொல்லுங்கள். நம் கருப்பன் உங்கள் ரெண்டு பேருக்கும் நோய் நொடி அண்டாமல் காவல் நிற்கட்டும்.

இப்படிக்கு, உங்களைத் திட்டவே தெரியாத தங்கச்சி,
அன்னக்கொடி

பின்குறிப்பு: கடுதாசியை ஒட்டப் போகும்போது ஆர்த்திகா வந்தது. வீடியோவை நீக்கினதிலிருந்து ஒருத்தரும் ஒன்றும் போடவில்லையாம். நல்ல அண்ணன் என்று மாற்றி எழுதிப் பார்த்ததாம், அப்படியானால் அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். இன்னும் கொஞ்சம்தான் குறைகிறது. அதனால் பழைய வீடியோவையே மறுபடி விடச் சொல்லிவிட்டேன். கோபிக்காமல் ஆப்பரேஷன் முடிகிற வரைக்கும் கெட்டவராகவே இருங்கள் அண்ணே. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள், கையெழுத்துப் போட ஆள் வேண்டுமாம். எனக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? மதினியோடு வந்துவிடுங்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வாருங்கள், யாராவது கேட்டால் உங்க மாப்ளை வழிச் சொந்தம் என்று சொல்லிவிடுங்கள்.