ஒருக்கா சொன்னாப் போதும்

இனிமேல் இந்த வீட்டில எதையும் ஒருக்காத்தான் சொல்லலாம் என்று சட்டம் போட்டவன் நான். பேர் ஹாசிம். குறிஞ்சிப்பிட்டியில இரண்டு இறால் குளத்துக்கும் பொஞ்சாதி ருஷ்தாவுக்கும் சொந்தக்காரன். உறுதிப் பத்திரம் குளத்துக்கு மட்டும்தான்.

தண்ணியை அடிச்சுக் காத்துக் குடுக்கிற சக்கரம் நின்றால் இறால் ஒரு மணித்தியாலத்தில செத்து மிதக்கும். இன்னும் பத்து நாளில அள்ள வேண்டிய இறால். அதனால ஒரு சின்னக் கம்பியூட்டர் வச்சிருக்கன். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா அது இரண்டு குளத்தையும் பார்த்து, கோளாறு என்றால் என் போனுக்குச் செய்தி அனுப்பும்.

ஒன்றாம் குளத்துச் சக்கரத்தில இருந்து கம்பியூட்டருக்குப் போற வயர் உப்புக்காத்தில உக்கிப்போச்சு. சக்கரம் நல்லாத்தான் சுத்துது. கம்பியூட்டர் நம்பினாத்தானே. "குளம் 1 பழுது" என்று நாளுக்கு இருநூற்றி எண்பத்தெட்டுச் செய்தி. வயரை மாத்துங்க என்று ருஷ்தா சொன்னா. மறுநாளும் சொன்னா. மூன்று கிழமை சொன்னா. பத்து நிமிச வேலைதான். ஆனா வெயில் இருக்கே, வெயில்.

நான் மூளையைப் பாவிச்சன். இரண்டு நாள் கதிரையை விட்டு எழும்பாம, கம்பியூட்டருக்குக் கட்டளை சொல்லுற ஒரு ஸ்கிரிப்ட் எழுதினன். போன தடவை அனுப்பின செய்தியே திரும்ப வந்தா, அனுப்பாதே. செய்திக்குள்ள நேரமும் இருந்ததால ஒவ்வொன்றும் புதுசாத் தெரிஞ்சுது. அதனால இலக்கமெல்லாத்தையும் அழிச்சுப்போட்டு ஒப்பிடு என்று இன்னொரு வரி. போன் அடங்கிட்டு.

அந்தத் தைரியத்திலதான் நீயும் ஒருக்கா சொன்னாப் போதும் என்று ருஷ்தாவிட்டச் சொன்னன். அவ பள்ளிக்கூடத்தில கம்பியூட்டர் படிப்பிக்கிறவ. ஸ்கிரிப்டை மேலயிருந்து கீழ வரைக்கும் வாசிச்சா. ஒரு வரியை மட்டும் இரண்டு தரம் வாசிச்சா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கற்பிட்டியில றவூப் மச்சானுட மகளுக்குக் கலியாணம். ருஷ்தா தலையிடி என்று வரயில்லை. ஆறு பேர் ஒரு பெரிய சஹன் தட்டைச் சுத்தி இருந்து முதல் பிடி சோறு வாய்க்குப் போற நேரம் அவ எனக்குப் போன் எடுத்தா.

"செய்தி ஏதும் வந்ததா?"

"இல்லையே. எல்லாம் சுகம், அல்ஹம்துலில்லாஹ்."

"சரி," என்றுபோட்டு வச்சிட்டா.

பதினாறு வருசம் குடும்பம் நடத்தினவன் நான். அவட "சரி" எவ்வளவு பொல்லாதது என்று எனக்குத் தெரியும். சஹனில இருந்து கையை எடுத்தன். போனிலேயே கம்பியூட்டரின் பதிவைத் திறந்தன். வழக்கமான ஒன்றாம் குளத்துக்குக் கீழ, "குளம் 2 பழுது". நாற்பது நிமிசமா, எட்டுத் தடவை. ஒன்றையும் அனுப்பயில்லை. அப்பதான் விளங்கிச்சு. இலக்கத்தை அழி என்றா அது நேரத்தோட குளத்தின் நம்பரையும் அழிச்சிருக்கு. ஸ்கிரிப்டுக்கு ஒன்றும் இரண்டும் ஒரே குளம்.

யா அல்லாஹ். இனிப்புக்கு வட்டிலாப்பம் வர முந்திச் சஹனை விட்டு எழும்பின ஒரே மனிசன் அந்த ஊரில நான்தான். த்ரீவீல்காரனைக் கெஞ்சினன், பிறகு ஏசினன். கற்பிட்டியில இருந்து குளத்துக்கு இருபது நிமிசம். நாற்பதும் இருபதும் அறுபது. எத்தனை தடவை கூட்டினாலும் அறுபதுதான் வந்தது. புதுச் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு குளக்கட்டில ஓடினன். ஒரு செருப்பு சேத்தில போச்சு.

இரண்டு சக்கரமும் ஜோராச் சுத்துது. கட்டில கதிரை போட்டு, குடை பிடிச்சு, ருஷ்தா. கையில இரண்டாம் குளத்தில கழட்டின வயர்.

"வயரைத்தான் கழட்டினன். சக்கரத்தைத் தொடயில்லை," என்றா. "வாங்க என்றா வருவீங்களா? மூன்று கிழமை சொல்லிப் பார்த்தன்."

ஒன்றாம் குளத்துக்கு வாங்கி வச்சிருந்த புது வயரை நீட்டினா. அந்த வெயிலிலேயே மாத்தினன். ஏழு நிமிசம்தான் போச்சு.

சேத்தில செருப்பைத் தேடுற நேரம் போன் அடிச்சுது. குளத்துக் கம்பியூட்டர்தான். "ருஷ்தா: இரவைக்குப் பாண் வாங்கவும்." அஞ்சு நிமிசத்தில திரும்பவும் அதே செய்தி. என்ட ஸ்கிரிப்ட் எங்க போச்சு என்று திறந்து பார்த்தன். உச்சியில ஒரு புது வரி இருந்தது. ருஷ்தா என்று தொடங்கினா, தடுக்காதே.

மூன்றாவது செய்தி வர முந்திப் பாண் வாங்கிட்டன்.