பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு ஸ்பிரிங் கணக்கு

மயிலாப்பூரில் பிறந்தும் எனக்குப் பாட வராது. நான் வாயைத் திறந்தால் பாட்டு வாத்தியார் ஜன்னலைச் சாத்துவார். பதிலுக்குக் கணக்கு வந்தது. அந்தக் கர்வம்தான் என்னைக் கெடுத்தது.

யுத்த காலம். நான் பி.ஏ. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக்ஸில் ஸ்பிரிங் கணக்கு என்றால் எனக்கு உயிர். கல்லூரியில் கெஞ்சி ஒரு ஸ்பிரிங்கை வீட்டுக்கே வாங்கிவந்து, ஊஞ்சலைக் கழற்றிவிட்டு, அதன் கொக்கியில் தொங்கவிட்டிருந்தேன். (அம்மா அதில் துணி உலர்த்தப் பார்த்தாள். ஒரு நாள் முழுக்கச் சண்டை.)

அப்போதுதான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பிசிக்ஸ் டியூட்டர் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ரேஷன் சர்க்கரையை மிச்சம் பிடித்து அம்மா செய்திருந்த பன்னிரண்டு லட்டுகளையும் காலையிலேயே கயிறு கட்டிய ஒரு மூங்கில் தட்டில் அடுக்கி, ஸ்பிரிங்கில் மாட்டி அளந்தேன். ஸ்பிரிங் ஆறங்குலம் நீண்டது. தட்டுக்குக் கனமே இல்லை. ஆக, லட்டுக்கு அரை அங்குலம்.

விதி சுலபம். சுமை தொங்கும்போது ஸ்பிரிங் எவ்வளவு நீண்டிருக்கிறதோ, அதற்குள் இழுத்துவிட்டால் தட்டு மேலும் கீழும் ஆடும். லட்டு தட்டிலேயே இருக்கும். அதைத் தாண்டி இழுத்தால் லட்டு தட்டை விட்டுக் கிளம்பிவிடும்.

மாப்பிள்ளையோடு அவர் அம்மா, தாய்மாமா, மாமி. மாமா சரி என்றால்தான் அந்த வீட்டில் எதுவும் நடக்கும் என்று தரகர் எச்சரித்திருந்தார். அப்பா எல்லோரையும் கொல்லைப்புறம் அழைத்துப்போய் மாமரத்தைக் காட்டினார். முழங்கால் வலி என்று மாமா மட்டும் கூடத்திலேயே, வாழையிலை போட்டு மூடியிருந்த லட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வந்ததும் மாமி ஆரம்பித்தாள். "ஒரு பாட்டுப் பாடேன்டீம்மா."

"பாட்டு வராது. மெக்கானிக்ஸ் வரும்" என்றார் அப்பா. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஸ்பிரிங் கணக்கெல்லாம் போடுவேளா?"

போடுவேளாவா! தட்டை இலையோடு தூக்கி ஸ்பிரிங்கில் மாட்டினேன். "ஆறங்குலம் வரைக்கும் பயமில்லை. நான் அஞ்சுதான் இழுக்கப் போறேன்" என்று பிரகடனம் செய்தேன். (ஸ்கேலை வைத்து இன்னொரு தடவை அளந்திருக்கலாம். விடைதான் மனப்பாடமாயிற்றே!)

இழுத்துவிட்டேன்.

முதலில் இலை பறந்தது. பிறகு லட்டுகள் துள்ளின. தட்டு சாய்ந்தது. ஒரு லட்டு வருங்கால மாமியார் மடியில். மற்றவை தரையில் விழுந்து பூந்தியாக உதிர்ந்தன.

"ஸ்பிரிங் சரியில்லை" என்றேன், அழாத குறையாக.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. மண்டிபோட்டு ஒரு பூந்தி விடாமல் பொறுக்கி, தன் அம்மா மடியிலிருந்த லட்டையும் சேர்த்துத் தட்டில் போட்டு, மறுபடி மாட்டி, ஸ்கேலை வாங்கி அளந்தார்.

"மூணரை அங்குலம். அஞ்சு இழுத்தா பறக்காம என்ன பண்ணும்? லட்டுக்கு எத்தனைன்னு அளந்தேள்?"

"அரை அங்குலம்."

"அப்போ தட்டுல ஏழுதான் இருக்கு."

"பன்னண்டு வச்சேனே!" என்று பதறினாள் அம்மா.

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். அவர் மாமரம் இருந்த திசையைப் பார்த்தார்.

"ஏன்னா, லட்டைத் தொட்டேளா?" என்றாள் மாமி. சர்க்கரை வியாதிக்காரர் அவர். இனிப்பு வாசனைகூடக் கூடாது என்று டாக்டர் உத்தரவாம்.

"ஒண்ணே ஒண்ணு... நாக்கு ருசிக்கு."

"மாமா, கணக்குப்படி அஞ்சு" என்றார் மாப்பிள்ளை, மரியாதையாக.

மாமா முகம் சிவந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. "கிளம்புங்கோ! இந்த இடம் நமக்குச் சரிப்படாது!"

என் கல்யாணம் அவரோடு வாசற்படி இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன்.

"நீங்க உக்காருங்கோ!" மாமி போட்ட சத்தத்தில் ஸ்பிரிங்கே ஒரு தடவை ஆடியது. "இருபது வருஷமா இவரை என்னால பிடிக்க முடியலை. இவ ஒரு சாயங்காலத்துல பிடிச்சுட்டா. இந்தப் பொண்ணு நம்மாத்துக்கு வந்தே ஆகணும்!"

மாமா உட்கார்ந்தார். தை மாசம் கல்யாணம் நடந்தது.

இப்போது எங்கள் பேரன் பேத்திகளுக்கு மாமாவின் நிஜப்பெயர் தெரியாது. சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் அவர் படத்தைக் காட்டி யார் என்று கேட்டால், ஒரே குரலில் சொல்கிறார்கள்: "ரெண்டரை அங்குலத் தாத்தா!"