விக்கலுக்கு ஏழு வருடம்

போதை மாத்திரை விற்று மறுபடி மறுபடி பிடிபடுகிறவர்களுக்கு எத்தனை வருடம் போடுவது என்பதில் நீதிபதிகள் ஆளுக்கொன்று சொல்லிவந்ததால், மேலிடம் தீர ஆலோசித்து ஒரு படிவத்தை அனுப்பிவைத்தது. அதை நிரப்பும் பொறுப்பு, அந்த நீதிமன்றத்தில் பதினாறு வருடமாகக் குப்பை கொட்டிவந்த எழுத்தரின் தலையில் விழுந்தது. அவர் கூட்டிக் கழித்துச் சொல்லும் எண்ணை நீதிபதி வாசிப்பார். நீதி வெகுவாக விரைவுபட்டது. நீதிபதிக்கு மதியம் கொஞ்சம் கண்ணயரவும் முடிந்தது.

அன்று ஒரே வழக்கில் இரண்டு பேர். ஒருவர் கிடங்குக்காரர், அவருடைய கிடங்கில் நாற்பது மூட்டை மாத்திரை இருந்தது. இன்னொருவன் அவருக்குச் சரக்குச் சுமந்தவன். போலீஸைக் கண்டாலே விக்கல் எடுத்துவிடும் என்பதால் அவனுக்குப் பெயரே விக்கல். அந்த விக்கலால் இரண்டு தடவை உள்ளே போய்வந்தவன், இது மூன்றாவது. சட்டைப்பையில் பதினோரு மாத்திரை.

"முதல்ல பெரியவரை முடிச்சிரலாம்" என்றார் நீதிபதி. "முன் தண்டனை?"

"கிடையாதுங்க ஐயா."

"தொழில்ல எத்தனை வருஷம்?"

"இருபத்தெட்டு."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இருபத்தெட்டு வருஷத்துல ஒரு தண்டனைகூட இல்லையா! நன்னடத்தைக்கு எவ்வளவு கழியுது?"

"வருஷத்துக்கு மூணு மாசம். நாப்பது மூட்டைக்கும் சேர்த்து ஆறு வருஷம் போட்டு, நன்னடத்தைக்கு ஏழு வருஷம் கழிச்சு, பலபேருக்கு வேலை குடுத்ததுக்கு நாலு மாசமும் கழிச்சா..." எழுத்தர் இரண்டு தடவை கூட்டிப்பார்த்தார். "மைனஸ் பதினாறு மாசங்க."

"மைனஸை எப்படிய்யா அனுபவிக்கிறது?"

"அதுக்கும் விதி இருக்குங்க. இருப்புல வச்சுக்கலாம். அடுத்த குற்றத்துல கழிச்சுக்கலாம்."

கிடங்குக்காரர் அடக்கமாகக் கும்பிட்டார்.

விக்கலின் முறை வந்தது. பதினோரு மாத்திரைக்கு இரண்டு மாதம்தான். ஆனால் மூன்றாம் தடவை என்றால் ஏழு வருடத்துக்குக் குறையக்கூடாது.

"நீ தொழிலுக்கு வந்து எவ்வளவு நாளாச்சு?"

"அஞ்சு வருஷங்க. அதுல நாலு வருஷம் உள்ளதான்... ஹிக்."

"அப்ப வெளியில இருந்த ஒரே வருஷத்துல மூணு குற்றம்! என்ன வேகம் பாருங்க!"

கூட்டத்திலிருந்து அவன் மனைவி எழுந்தாள். "ஐயா, முதலாளி குடுத்ததைத்தானே இவரு தூக்கிட்டுப் போனாரு?"

"அம்மா, முதலாளி முதல் தடவைக்காரர். விவரம் தெரியாமக் குடுத்திருப்பார். உன் வீட்டுக்காரன் அனுபவஸ்தன். அவனில்ல எடுத்துச் சொல்லியிருக்கணும்?"

விக்கல் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "முதலாளியோட பதினாறு மாசத்தை என் பேருக்கு மாத்த முடியுங்களா?"

எழுத்தர் பக்கத்தைப் புரட்டினார். "ரத்த சம்பந்தம் இருக்கணும்ப்பா."

அந்தப் பெண் இப்போது எழுத்தரைப் பார்த்தாள். "நீங்கதானே எழுதுறீங்க? உங்களுக்குமா தெரியல?"

எழுத்தரின் காது சூடாயிற்று. எழுந்துவிட்டார். "ஐயா, படிவத்துல ஏதோ கோளாறு இருக்கிற மாதிரி..."

நீதிபதியின் புருவம் உயர்ந்தது. "இதுக்கு முன்னால இப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

வீட்டில் மனைவியிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார். இப்போதும் சொன்னால் மூன்று. அவருக்கு ஓய்வு பெற இன்னும் நாலே வருடம்.

"இல்லைங்க ஐயா. இதான் முதல் தடவை."

"அப்ப மன்னிச்சேன். உட்காருங்க."

உட்கார்ந்தார். நீதிபதி ஏழு வருடத்தை வாசித்தார். விக்கலின் மனைவி கிராதியைப் பிடித்தபடி அப்படியே தரையில் சரிந்தாள்.

படிவத்தின் கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி. இந்தத் தண்டனை நியாயமானதே என்று முன் தண்டனை இல்லாத மூன்று பேர் கையெழுத்திட வேண்டும். நீதிபதி போட்டார். எழுத்தரும் போட்டார்.

"முன் தண்டனை இல்லாதவங்க இன்னும் ஒருத்தர் வாங்க."

வக்கீல்கள் கை தூக்கினார்கள். பிடித்த அன்று ஐம்பத்திரண்டாக இருந்து வழக்குக்கு வரும்போது நாற்பதாகிவிட்ட மூட்டைகளைக் காவல் காத்த போலீஸ்காரர் கை தூக்கினார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் தூக்கியது. எல்லோருக்கும் முன்னால் நின்றவர் கிடங்குக்காரர்.

எழுத்தர் பேனாவைத் திறந்து, கையெழுத்து போட வேண்டிய இடத்தைக் காட்டி, மரியாதையாக அவரிடம் நீட்டினார்.