தவக்காலத்தில் நான் பிடித்த அனகோண்டா

எங்கள் அப்பூரே ஆற்றுச் சமவெளியில் அனகோண்டா பிடித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. பிடித்ததற்காக ஊரே கைதட்டி, பாதிரியார் கையும் குலுக்கியது இந்த நிக்கானோர் ஒருவனுக்குத்தான். அந்தப் பெருமையை யாராலும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. என் மனைவி தொமித்திலா பிடுங்கினாள் என்பது வேறு விஷயம்.

இந்தத் தவக்காலத்தில் நான் ஒரு வீர முடிவெடுத்தேன். நாற்பது நாளும் காப்பிபாரா கறி தின்று உயிரை விடுவதில்லை. காப்பிபாரா என்பது பன்றி அளவுக்கு ஓர் எலி. பாதி நாள் தண்ணீரிலேயே கிடப்பதால் அதை மீன் கணக்கில் சேர்த்து, வேறு கறி கூடாத நோன்பு நாளிலும் சாப்பிடலாம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். தொமித்திலா அதை உப்புக்கண்டமாக வாங்கி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தாள். காலையில் சோள அப்பத்தோடு அது. மதியம் சோற்றோடு அது. மாலையில் அதுவே, சூடுபண்ணி. பதினோராம் நாள் என் நாக்கு கலகம் செய்தது.

கொல்லைக் குளத்தில் ஒன்பது வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. ஈஸ்டர் கழிந்ததும் நடக்கவிருந்த தன் தங்கை கல்யாணத்துக்காக தொமித்திலா பிள்ளைகளைப்போல வளர்த்தவை. அதில் ஒன்றை நானும் என் கூட்டாளி ரூஃபினோவும் ஆற்றங்கரையில் சுட்டுத் தின்றோம். தெய்வமே, அந்த ருசியை என்ன சொல்ல.

வாத்து எங்கே என்று தொமித்திலா கேட்டாள். அனகோண்டா கொண்டுபோய்விட்டது என்றேன். சும்மா சொல்லவில்லை. குளத்தோரம் இறகுகளை இறைத்து, சேற்றில் ஒரு கட்டையை இழுத்துத் தடமும் போட்டு வைத்திருந்தேன். அவள் இறகுகளைப் பார்த்தாள். தடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் வாயடைத்து நின்றது அன்றுதான். அந்த வெற்றியைக் கொண்டாட அடுத்த செவ்வாய் ஒரு வாத்து. வெள்ளிக்கிழமை இன்னொன்று.

சனிக்கிழமை காலையில் அவள் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"ஏங்க, மூணு வாத்து போயிடுச்சு. உங்களை மாதிரி ஆம்பளை வீட்டுல இருக்கும்போது ஒரு பாம்பு இப்படிப் பண்ணலாமா? போய்ப் பிடிச்சிட்டு வாங்க."

என்னை ஆம்பளை என்று அவள் சொன்னதே எனக்குப் பாதி போதை. சதுப்பில் ஒரு பனை நிழலில் தூங்கிவிட்டு, உடம்பில் சேற்றைப் பூசிக்கொண்டு வந்து தப்பிவிட்டது என்று சொல்லிவிடலாம் எனக் கிளம்பினேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் தொமித்திலா வருகிறாள். அவள் பின்னால் பக்கத்து வீட்டார் எல்லாரும். அவர்கள் பின்னால், ஞாயிறு பூசைக்கு முந்தின நாளே வந்து இறங்கியிருந்த பாதிரியார். ரூஃபினோ கடைசியில், செத்தவன் மாதிரி.

வேறு வழியில்லை. சதுப்பில் இறங்கினேன். கோடையில் அது முழங்கால் அளவு சேறாக வற்றிக் கிடந்தது. மேலே ஆகாயத்தாமரை. நாலு அடி வைத்திருப்பேன், கால் கீழே தொடைப் பருமனில் ஏதோ நகர்ந்தது. இரண்டடி தள்ளி, இலைகளுக்கு நடுவே இரண்டு கண்ணும் மூக்குத் துளையும் மட்டும் தெரிந்தன. அதற்கு அவை தலையின் உச்சியில் இருக்கும். உடம்பை நீருக்குள் வைத்துக்கொண்டே வெளியே வேவு பார்க்கலாம். பாசி நிறம். முதுகு நெடுகக் கறுப்பு வட்டங்கள். விஷம் கிடையாது என்று எனக்குத் தெரியும். சுற்றி இறுக்கினால் விஷம் தேவையில்லை என்பதும் தெரியும்.

ஓடத் திரும்பினேன். வழுக்கியது. நேராக அதன் கழுத்தின்மேல் விழுந்தேன். பயத்தில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கரையில் இருந்தவர்களுக்கு அது புலிப்பாய்ச்சலாகத் தெரிந்திருக்கிறது. ஏழு பேர் இறங்கி வாலையும் நடுவையும் பிடித்து இழுத்தோம். பதினெட்டு அடி. நடு வயிற்றில் பீப்பாய் மாதிரி ஒரு வீக்கம். அதனால்தான் அதற்கு என்னைச் சுற்றச் சோம்பல்.

பெண் பாம்பு என்றார்கள். ஆண் இதில் பாதிகூட வராது, சில நேரம் பெண்ணே அதைத் தின்றுவிடும் என்றார்கள். அந்த ஆணின் நிலைமை எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்று நான்தான் ராஜா. ஊர் கைதட்டியது. பாதிரியார் கை குலுக்கினார். தொமித்திலா தன் பாவாடை நுனியால் என் முகத்துச் சேற்றைத் துடைத்தாள்.

அப்போதுதான் பாம்பு வாயைத் திறந்தது. பிடித்து உலுக்கினால் அது தின்றதைக் கக்கிவிடுமாம். எனக்கு அது தெரியாது. சதுப்பில் முதலை பிடித்த அப்பனுக்குப் பிறந்த தொமித்திலாவுக்குத் தெரியும். நாற்றத்தோடு வெளியே வந்து விழுந்தது முழுசாக ஒரு காப்பிபாரா. அவள் குச்சியால் அதைப் புரட்டினாள்.

"தோல் ஊறிப்போச்சு. முழுங்கிப் பத்து நாளாவது ஆகியிருக்கும். இம்மாம் பெருசை முழுங்கினா ஒரு மாசத்துக்கு வேற எதையும் ஏறெடுத்துப் பாக்காது. அப்ப செவ்வாயும் வெள்ளியும் போன வாத்து எங்கங்க?"

வேறொரு பாம்பாக இருக்கும் என்றேன்.

"பாம்பு இறகோட முழுங்கும். பிச்சுப் போட்டுட்டுத் தின்ன பாம்பு எதுங்க?"

முதல் நாளே கண்டுபிடித்திருக்கிறாள். சாட்சிக்கு ஊரையும், தீர்ப்புக்குப் பாதிரியாரையும் சேர்க்கத்தான் இத்தனை நாள் பொறுத்திருக்கிறாள். எல்லாரும் ரூஃபினோவைப் பார்த்தார்கள். நல்ல வாத்துதான், சாமி, என்று அவன் பாதிரியாரிடம் ஒப்புக்கொண்டான்.

"பாருங்க சாமி," என்றாள் தொமித்திலா. "இந்தப் பாம்புகூடக் காப்பிபாராவைத் தின்னு நோன்பு காத்திருக்கு."

பாம்பை அன்றே சதுப்பில் விட்டுவிட்டார்கள். என்னை யாரும் இன்னும் விடவில்லை.