பூசைக்குப் போன உள்மூடி

'எனக்குத் தெரியாது' என்று சொல்ல இருபத்து நான்கு வயதுவரை எனக்குத் தெரியாது. அந்தக் குறை தீர்ந்த கதையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் இனி மறைத்தும் பயனில்லை.

தொண்ணூற்று நான்காம் ஆண்டாக இருக்கும். பரந்தனில் ஒரு லேத் பட்டறையில் வேலை. முல்லைத்தீவில் வலை இழுக்கும் குடும்பத்தில் பிறந்து இரும்பு கடைய வந்த முதல் ஆள் நான் என்ற தலைக்கனம் வேறு. முதலாளி மலேரியாவில் படுத்திருந்த வாரம், ஜெயபுரத்தில் நெல் ஆலை வைத்திருந்த பெருமாள் அண்ணை, ஆலைக்குக் கரண்ட் கொடுக்கும் ஜெனரேட்டரின் உள்ளே சுழலும் பாகமான ரோட்டரை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்தார். இறக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது. அதைத் தாங்கிச் சுழலவிடும் குண்டுப் பெயரிங் உட்காரும் இடத்தில் தண்டு தேய்ந்துபோயிருந்தது.

"அறுவடை நெல்லு மூட்டை மூட்டையாக் கெடக்கு தம்பி. இது ஓடலேன்னா ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் ஒலக்கை தூக்கணும். முடியுமா?"

"ஓம் அண்ணை, சின்ன வேலை," என்றேன்.

(சின்ன வேலைதான். ரோட்டர் லேத்தில் கொள்ளவில்லை. பட்டறைச் சுவரை உடைத்து, தண்டின் நுனியை வெளியே பாலைமரக் கட்டையில் தாங்கவிட்டேன். முதலாளிக்குச் சொல்லவில்லை.)

கரண்ட் தரும் இயந்திரத்தைத் திருத்த எங்களிடம் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டே ஓடிய ஒரு லேண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரம்தான் பெல்ட் போட்டு லேத்தைச் சுற்றியது. நான்கு நாள் கடைந்து, பழைய லொறி அச்சில் ஒரு வளையம் செய்து தண்டின் தேய்ந்த இடத்தில் இறுக்கினேன். அதுவரை வேலை சுத்தம், சத்தியமாக.

மிஞ்சியது பெயரிங். போர்க்காலப் பொருள் தடைக்குள்ளால் வவுனியாவிலிருந்து தவிட்டு மூட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த ஒரே ஒரு பெயரிங். அதை எண்ணெயில் காய்ச்சினால் விரியும். சூட்டோடு தண்டில் ஏற்றினால் ஆறும்போது கவ்விக்கொள்ளும். அதற்கு முன், பெயரிங்குக்கு உட்பக்கம் நிற்கும் உள்மூடியைத் தண்டில் போட்டிருக்க வேண்டும்; பிறகு மாட்ட வழியில்லை. பெயரிங்கைப் பிடித்து நிறுத்துவது அதுதான். அது இல்லாமல் ஓடவிட்டால் ரோட்டர் நகர்ந்து, தன்னைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளைக் கிழித்துவிடும்.

அன்று வெள்ளிக்கிழமை. பெருமாள் அண்ணை மகள் வசந்தாவுடன் பூசைச் சாமான் கொண்டு வந்தார். ரோட்டரைச் சாமி படத்துக்கு முன் வைக்க முடியாது. அதனால் அதன் பிரதிநிதியாக உள்மூடியைத் தூக்கி வாழையிலையில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் பூசினார். நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன்; இதில் மூக்கை நுழைக்கவில்லை.

"பத்தரைக்கு ராகுகாலம் தம்பி. அதுக்கு முன்னாடி ஏத்திருங்க."

பத்து இருபத்தைந்து. பெயரிங்கைக் குறட்டால் தூக்கினேன்.

"அண்ணே, இந்த மூடி எங்க மாட்டுறது?" என்று வசந்தா கேட்டாள். (அப்போது அண்ணன்தான்.)

"அது பிறகு. உமக்கு மெஷின் வேலை விளங்காது. எனக்குத் தெரியும்."

ஏற்றினேன். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பெருமாள் அண்ணை தேங்காய் உடைத்தார். கற்பூரம் அணைந்ததும், வசந்தா மூடியை இலையோடு கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். பெயரிங்கோ அதற்குள் ஆறித் தண்டைக் கவ்விவிட்டது; கழற்றச் சுத்தியலை எடுத்தேன்.

மாலைவரை அடித்தேன். பெயரிங் கழன்றது, குண்டுகள் நொறுங்கி; கூடவே என் நான்கு நாள் வளையமும் பிய்ந்துகொண்டு வந்தது. முதலாளி போர்வையோடு எழுந்து வந்து, முதலில் சுவரைப் பார்த்தார், பிறகு பெயரிங்கைப் பார்த்தார். "எனக்குக் காய்ச்சல் கூடிப்போச்சு. நான் போய்ப் படுக்கிறன்," என்றார். பெருமாள் அண்ணை ஏசவேயில்லை. ஏசியிருக்கலாம்.

அடுத்த பெயரிங் வர இரண்டு மாதம் ஆனது. அதுவரை ஜெயபுரம் முழுக்க உலக்கைச் சத்தம். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் சைக்கிளில் போய் நானும் குத்தினேன். மற்ற நாட்களில் குத்திய வசந்தாவின் உள்ளங்கை கொப்பளித்து வெடித்திருந்ததைப் பார்த்து, உரலடியிலேயே அழுதுவிட்டேன். அவள் உலக்கையை என் கையில் தந்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

பிறகு அவளையே கட்டினேன். கை எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் இன்றும் வீட்டில் நான் "எனக்குத் தெரியும்" என்று வாயெடுத்தால், அவள் பேசாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள். இப்போது பிள்ளைகளும் காட்டுகிறார்கள். போன கிழமை, பேசவே தொடங்காத பேத்தியும் காட்டினாள்.