மேல்மாடி நானாவும் பின்வாங்கிய கடலும்

இந்த இலங்கைத் தீவிலேயே கடலுக்கு அதிகம் பயந்த மனிதர் கடற்கரையில் வாழவில்லை. கண்டிப் பக்கத்துப் பிலிமத்தலாவையில், மூன்று பக்கமும் மலை சூழ்ந்த வீட்டில் வாழ்கிறார். கடல் அங்கே வரவேண்டுமானால் கடுகண்ணாவை ஏற்றம் முழுவதையும் ஏறித்தான் வரவேண்டும். ஏறாது என்று யார் சொன்னது என்பார் மேல்மாடி நானா.

முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்; அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கண்டியில் படம் வரைகிற ஒரு கூட்டத்தை ஆண்டுதோறும் கடலோரக் காலிக் கோட்டை ஓவியச் சந்தைக்கு ஏற்றிப்போகிற வேன்காரர். நான் வரைகிறவன் அல்ல. அவர்களுடைய படங்களுக்குக் கீழே ஒட்டுகிற நாலு வரியை எழுதிக்கொடுத்து, அந்த உரிமையில் வேனின் கடைசி இருக்கையில் தொற்றிக்கொள்கிறவன்.

சுனாமியை நானா பார்த்தது ஒரு சாப்பாட்டுக் கடைத் தொலைக்காட்சியில். பாதி ரொட்டியோடு எழும்பிப்போனவர், அன்றைக்கே கொத்து வேலைக்கார மேசன் பாஸைக் கூப்பிட்டு வீட்டுக்கு மேல்மாடி கட்டச் சொன்னாராம். பட்டம் அப்படி வந்தது. இவ்வளவு பயந்தவர் ஏன் காலிக்கு வருகிறார் என்று ஒருமுறை கேட்டேன்.

"போகாம ஈந்தா பயம் கூடும் தம்பி. போய்ப் பாத்தா, இந்த வருஷமும் வரல்லண்டு ஒரு நிம்மதி."

ஓவியச் சந்தை நாட்களில் காலியை எப்படி அனுபவிப்பது என்று கேட்டால், எல்லோரும் மதில்மேல் மாலை நடையைச் சொல்வார்கள். நாங்கள் அனுபவித்த காலி வேறு. எந்தக் கட்டடமானாலும் நானா முதலில் படிக்கட்டைத் தேடுவார். ஏறி, இறங்கி, கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, "இது தாங்கும், வாங்க" என்பார். சோறும் மேலே, தேநீரும் மேலே, கலையும் மேலே. காலிக் கோட்டையின் தரைத்தளக் கலையைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்கக்கூடாது.

இதில் ஒரு லாபம் இருந்தது. கீழே குளிரூட்டிய அறைகளில் பெயர்பெற்றவர்கள் இருப்பார்கள். மேலே, ஓட்டுச் சூட்டில் வியர்த்துக்கொண்டு, யாரும் கேள்விப்படாத பிள்ளைகள் நிற்பார்கள். நாம் ஏறி வந்ததற்கே கதிரை இழுத்துப் போடுவார்கள். நான் கண்ட நல்ல படங்கள் எல்லாம் மரப்படிகளின் முடிவில் கண்டவைதான்.

ஆனால் பயம் தொற்றக்கூடியது. கூரைகளுக்கு அப்பால் அந்த நீலம் மூச்சு விட்டுக்கொண்டே கிடக்கும். மலையில் பிறந்தவனுக்கு அசையாத உயரம் பழக்கம். அசைகிற சமவெளியை எப்படி நம்புவது? ரசிப்பதாக நினைத்து நிற்பேன், முதுகு வியர்த்திருக்கும்.

இந்த வருடம் நானாவின் மகள் ரிஸ்னாவின் படத்தையும் சந்தையில் எடுத்துக்கொண்டார்கள். காட்சிக்கு வந்த அவளுடைய முதல் படம். ஆனால் மாட்டியிருந்த இடம் மதிலோரத்து ஒரு பழைய பண்டகசாலை. தரைத்தளம். பின்வாசலைத் திறந்தால் கடல்.

கடைசி நாள் மதியம், மேல்மாடித் தேநீர்க்கடை ஒன்றில் வாப்பாவுக்கும் மகளுக்கும் வழக்கு நடந்தது.

"மேல ஒரு இடம் கேட்டிருக்கலாமே மகள்?"

"அங்க மேல் இல்ல வாப்பா. கூரைதான்."

"கூரையில மாட்டச் சொல்லுங்களேன்."

"இன்னைக்குப் பின்னேரம் கழட்டிருவாங்க வாப்பா. ஒருக்கா வந்து பாத்தா என்ன?"

"போனுல படம் புடிச்சு அனுப்புங்க. ஊட்டுல போய் ஆறுதலாப் பாக்குறேன்."

ரிஸ்னா கோப்பையைத் தள்ளிவைத்தாள். "நான் வரையிற ஒண்டையும் நீங்க ஒரு நாளும் நிண்டு பாத்ததில்ல வாப்பா." கோபம்கூட இல்லை அந்தக் குரலில். எழும்பித் தனியாகப் படியிறங்கிப் போனாள்.

நானா ஜன்னலோரம் நின்றார். தேநீர் ஆடை கட்டியது. நாலு மணி கடந்திருக்கும், அவர் முகம் சாம்பலானது.

"தம்பி, கடல் பின்னுக்குப் போகுது."

பார்த்தேன். போயிருந்தது. காலையில் தண்ணீர் இருந்த இடத்தில் கறுத்த பாறைகள், பச்சைப் பாசி, வெளிச்சத்தில் அம்மணமாக நின்றன. சுனாமிக்கு முன்னால் கடல் இப்படித்தான் பின்வாங்கியது என்று தொலைக்காட்சியில் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. எங்கள் மலைநாட்டில் தண்ணீர் தானாக இறங்காது. யாராவது அணைக்கதவைத் திறந்திருப்பார்கள். இதன் கதவை யார் திறந்தது?

நான் செய்த வீரச்செயல் என்னவென்றால் கதிரைமேல் ஏறி நின்றது. அங்கிருந்து நானாவைத் தேடினேன். பக்கத்தில் இல்லை. கீழே, தெருவில், சாரத்தை மடித்துப் பிடித்தபடி, கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

வெட்கம் என்னையும் இறக்கியது. முன்னால் அவர் மூன்று பாஷையிலும் "மேல ஏறுங்க, மேல ஏறுங்க" என்று கத்திக்கொண்டே கீழே கீழே போனார். சுற்றுலாப் பயணிகள் இதையும் சந்தையின் ஓர் அங்கமென்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். இளநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் கைதட்டினார். மதிலடியில் இறால் வடை விற்ற கோட்டைக்காரப் பெண்ணொருத்தி மட்டும் கரண்டியோடு எங்கள் பின்னால் வந்தாள்.

பண்டகசாலைக்குள் நான் நுழைந்தபோது நானா மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். வடைக்காரி வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

"என்னத்துக்கு நானா இந்த ஓட்டம்? தண்ணி வத்தினா வத்தும், பொறகு ஏறும். ஒவ்வொரு நாளும்தான்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம், ஒவ்வொரு நாளும்."

நானா யோசித்தார். "அப்ப ஒவ்வொரு நாளும் திரும்பி வருது."

அறையே சிரித்தது. ரிஸ்னா சிரிக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்திருந்த அந்தக் கையின் மேல் தன் மறுகையை வைத்தாள். "வந்துட்டீங்கதானே வாப்பா. பாத்துட்டுப் போவோம்."

படம் உள்சுவரில், பின்வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. மூன்று மலைகளுக்கு நடுவே விடிந்தும் விடியாத ஒரு வீடு. உள்ளே எல்லோரும் தூங்குகிறார்கள். மேல்மாடி ஜன்னலில் ஒரேயொரு மனிதர் மட்டும் நின்றுகொண்டு வெளியே பார்க்கிறார்.

படத்தைப் பார்க்க வேண்டுமானால் கடலுக்கு முதுகு காட்டவேண்டும். நானா பாதி திரும்பினார், மறுபடி பின்வாசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, கடல ஒருக்கா பாத்துக்கிறீங்களா?"

நான் போய்ப் பின்வாசலில் நின்றேன். அவர் முழுவதாகத் திரும்பியது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். பாறையைத் தாண்டி ஓர் அலை வந்தது, சின்னது. அதை விடாமல் பார்த்தேன். அடுத்ததையும் பார்த்தேன். அவர் ஆறுதலாகப் பார்க்கட்டும் என்று, அதற்கடுத்ததையும்.