வசவு மதினி

பம்பாயில் அடுத்தவர் வாயால் வசவு வாங்குவதையே தொழிலாக வைத்திருந்த ஒரே ஆள், எங்கள் தாராவித் தெருவில் பிரசவம் பார்த்த வசவு மதினிதான்.

வலி வந்தவளிடம் வேறொன்றும் சொல்லமாட்டார். "புருஷன வையிட்டி" என்பார். வைய வைய வலி தாங்குமாம். வசவு புருஷனில் தொடங்கி, மாமியாருக்குப் போய், கடைசியில் மதினி மேலேயே திரும்பினால் பிள்ளை வந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கேட்டுத்தான் பக்கத்து வீடுகளில் வெந்நீர் போடுவார்கள்.

பாகிஸ்தான் சண்டை நடந்தபோது என் மனைவி வள்ளிக்கு வலி எடுத்தது. விளக்கு வைக்கிற நேரம் சைரன் ஊதிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக டாக்சி இல்லை. ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டிய அறைக்குள் மதினியும் வள்ளியும். கதவுக்கு வெளியே நான்.

வள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். முதல் பிள்ளை தங்கவில்லை என்ற பயம் வேறு. போகப் போக முனகல்கூட ஓய்ந்தது.

மதினி கதவைத் திறந்து என் மேல் பாய்ந்தார். "வைய மாட்டேங்கா, கொழுந்தப்புள்ள. வையிறதுக்கு ஒரு கொறகூட வைக்காத நீயெல்லாம் என்ன புருஷன்? எதையாவது சொல்லித் தொலைலே."

நான் கதவோரம் நின்று சொன்னேன். "வள்ளி, உங்கய்யா ஊர்லருந்து வந்தன்னைக்கு டூட்டின்னு சொன்னது பொய். மாட்டுங்காவுல சினிமா பாத்துக்கிட்டு இருந்தேன்."

உள்ளிருந்து வள்ளி கத்தினாள்.

"ஏ சுடலமுத்து, நீ நல்லாயிருப்பியா?"

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவள் என் பேரைச் சொன்னது அன்றைக்குத்தான். அதோடு நிற்கவில்லை. சத்தம் விமானத்துக்குக் கேட்டுவிடும் என்று இருட்டடிப்பைக் கண்காணிக்கிற வார்டன் ஓடி வந்து கதவைத் தட்டினார். "ஆவாஸ் பந்த் கரோ" என்று சத்தத்தை நிறுத்தச் சொன்னார்.

"கேட்டா கேக்கட்டும்" என்றார் மதினி உள்ளிருந்து. "மேல பறக்கவனையும் ஒருத்தி வஞ்சுதான பெத்திருப்பா."

வசவு என் அம்மாவைத் தாண்டியது. பிறகு, "பாவி மதினி, என்னைக் கொல்லுதியே" என்று வள்ளி அலறினாள்.

"வந்துட்டு" என்று மதினி சிரித்தார். என் மகள் அழுதாள். நானும் வார்டன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பல வருஷம் கழித்து மதினியைப் பாடையில் தூக்கிக்கொண்டு போனபோது, தெருப் பெண்கள் அத்தனை பேரும், "எங்கள விட்டுட்டுப் போறியே, நீ நல்லாயிருப்பியா" என்று ஏசி அழுதார்கள். வள்ளியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.